குளொக்னர் மலைப்பாதையில் ஒரு பழைய வான்

சமதரையில் சாதுவாக ஓடும் வாகனமும் ஏற்றத்திலும் வளைவிலும் தன் உண்மை இயல்பைக் காட்டிவிடும். ஒஸ்திரிய நாட்டின் குரோஸ்குளொக்னர் மலைப்பாதையில், 1966ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் காம்பர் வான் ஒன்றிலே சென்றபோது நாம் இதனை நேரிற் கண்டோம்.

அப்பாதையைப் பற்றி முதலிற் சில சொற்கள். பிரான்ஸ் வல்லாக் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி 1930இல் வேலை தொடங்கி, 1935 ஆகஸ்ட்டிற் பாதை திறக்கப்பட்டது. சால்ஸ்பேர்க் மாகாணத்தையும் கரிந்தியா மாகாணத்தையும் இணைக்கும் இதன் நீளம் ஏறக்குறைய 48 கிலோமீற்றர். அதனுள்ளே 36 கொண்டையூசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் அதன் இலக்கமும் உயரமும் எழுதப்பட்டிருக்கின்றன. ஹோஹ்தோர் என்னுமிடத்திற் பாதை 2504 மீற்றர் உயரத்தை அடைகிறது. நம் பீதுருதாலகாலையின் உச்சி 2524 மீற்றர் என்பதை நினைவு கூர்ந்தால், அவ்வுயரம் எத்தகையதென மாணவர்கள் எளிதில் உணர்வர். பனிக்காலத்திற் பாதை முற்றாக மூடப்பட்டுவிடும்.

வண்டி, மியூனிச் நகரில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவருடையது. அவரும் அவர் மனைவியும் இரு பிள்ளைகளும் எம்முடன் வந்தனர். இவ்வகை வானின் முதற் கோட்டுருவத்தை 1947இல் வரைந்தவர் பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர். 1950இல் வொல்ஃப்ஸ்பேர்க் நகரில் உற்பத்தி ஆரம்பமாகி, 1956இல் ஹனோவருக்கு மாறிற்று. வெஸ்ற்பாலியா என்னும் ஜேர்மன் நிறுவனம் இதனுள்ளே படுக்கையும் மேசையும் அலுமாரியும் அமைத்து, சிறு குடும்பத்துக்கு ஓடும் வீடாக்கியது.

வீடென்னும் வசதியே இவ்வண்டியின் தொல்லையுமாயிற்று. உயர்ந்த பக்கச் சுவர்கள் பாய்மரம் போலக் காற்றை ஏற்கின்றன. எஞ்சின் பின்புறத்தில் இருப்பதால் பாரம் பின்னே சேர்கிறது. பக்கக் காற்றோ முன்பகுதியை எளிதிற் தள்ளிவிடுகிறது. பின் அச்சின் அமைப்பும் கவனத்துக்குரியது. அது இரு பாதிகளாகப் பிரிந்து, கியர்ப்பெட்டியின் இருபுறமும் மேலுங்கீழும் அசைவது. சில்லு அவ்வச்சின் முனையில் விறைப்பாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அச்சு அசையும்போது சில்லும் சாய்கிறது. வளைவில் வேகமாய் நுழைந்து, நடுவழியில் திடீரெனப் பிரேக் பிடித்தால், வண்டியின் பின்பகுதி மேலெழும். சில்லுகளின் அடிப்புறம் உள்நோக்கி மடங்கும். டயரின் பிடி தளரும். 1967இல் வந்த புதிய வகையில், இரு மூட்டுகள் கொண்ட அச்சினால் இக்குறை பெரிதும் நீங்கியது. எமது வண்டியோ அதற்கு ஓராண்டு மூத்தது.

இத்தகைய வண்டியை உறுதிப்படுத்துவதற்கு அதிக வலுவுள்ள எஞ்சின் வேண்டியதில்லை. நண்பர் செய்தவை எளியவையே. தேய்ந்த முன் அச்சு மூட்டுகளை மாற்றி ஸ்டியரிங்கின் ஆட்டத்தைப் போக்கினார். எண்ணெய் கசிந்த சொக் அப்சோபர்களை அகற்றிப் புதியவற்றைப் பூட்டினார். சாதாரண கார் டயர்களை விடுத்து, பாரந்தாங்கும் வான் டயர்களை வாங்கி, குறித்த அளவின்படி பின் டயர்களில் முன்னவற்றிலும் அதிகமாகக் காற்றடைத்தார்.

மலையடிவாரமான பெர்லைற்றனில், சுங்கம் செலுத்துமுன் அவர் செய்த காரியம் எம்மை வியக்கச் செய்தது. கூரைமேற் கட்டியிருந்த கூடாரத்தையும் மடக்கு நாற்காலிகளையும் அவிழ்த்து, வண்டியின் தரையிலே பரப்பினார். 20 லீற்றர் நீர்க்கலங்கள் இரண்டு. நீர் மட்டும் 40 கிலோகிராம். அவற்றை இரு அச்சுகளுக்கும் நடுவே தாழ வைத்துக் கட்டினார். முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றாவிடின் மாடும் வருந்தும், வண்டிலும் குடைசாயும் என்பதை நம் ஊர் வண்டிற்காரர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை, ஆயினும் அறிந்திருந்தனர். அதே நியாயமே இங்கும். பாரம் தாழ்ந்திருக்கும் அளவுக்கு வண்டி கவிழ்வது கடினம்.

ஏற்றம் தொடங்கிற்று. சில இடங்களில் நூறு மீற்றருக்குப் பன்னிரண்டு மீற்றர் உயர்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகி எஞ்சினின் வலுவும் குறைந்தது. எமக்குப் பின்னே புதிய கார் ஒன்று பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. நண்பர் ஓரிடத்தில் ஒதுங்கி வழிவிட்டார். “அவர் போகட்டும், சேர். எங்களுக்குப் பின்னால இரண்டு பிள்ளையள் இருக்கினம்” என்றார். வேகம் இருமடங்கானால் வளைவில் வண்டியைச் சாய்க்க முயலும் விசை நான்கு மடங்காகும் என்று வகுப்பிற் படித்தவரல்லவா!

பூஷர் தோர்ல் என்னும் மேட்டிலே மலையின் மறைவு நீங்கியதும், காற்று இடப்புறமிருந்து ஓங்கி அடித்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்தினர். வண்டி ஒரு சாண் விலகியது. நண்பர் ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடியாமல், மெதுவாகத் திருப்பி நேராக்கினார். கூரையிற் பாரமும் மூட்டுகளில் ஆட்டமும் இருந்திருந்தால் அந்த ஒரு சாண் எத்தனை சாணாகியிருக்குமோ!

ஹோஹ்தோர் சுரங்கத்தைக் கடந்தபின் இறக்கம். ஏறுவதிலும் இறங்குவதிலேதான் ஆபத்து மிகுதி. இடையறாது அழுத்தினால் பழைய டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடியிழந்துவிடும். ஆதலின் இரண்டாம் கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, இடையிடையே நின்று சில்லுகளை ஆறவிட்டோம். அப்படி நின்ற இடங்களில்தான் மலையையும் கண்ணாரக் கண்டோம். 3798 மீற்றர் உயர்ந்த குளொக்னர் சிகரமும், அதனடியிற் சுருங்கிவரும் பாஸ்தெர்சே பனியாறும், காரில் விரைந்து சென்றவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

இன்று பழைய வாகனங்களை விரும்பி வாங்கும் இளைஞர் பலர், முதலிற் பூசுவது வர்ணம், மாற்றுவது எஞ்சின். டயரும் மூட்டும் பிரேக்கும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆதலாற் கடைசியாகவே நினைக்கப்படுகின்றன. குடும்பத்தை ஏற்றிச் செல்ல எண்ணுவோர் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றுவாராக. றம்பொடையின் வளைவுகளும் இதையேதான் கேட்கின்றன.