ஜாக்கி இறங்குது

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலையில், பெயர்ப்பலகை இல்லாத சின்ன அறை ஒன்றில் ஜாக்கி மட்டுமே பழுது பார்க்கிறார்கள். ஒரு பெரியவர், அவரிடம் தொழில் பழகும் இளைஞர். என் அப்பா லாரி ஓட்டியவர். வழியில் பஞ்சரானால் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அடியில் நுழைவார். வெளியே தெரியும் அவர் கால்களையே பார்த்தபடி நான் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். அந்த ஜாக்கிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

அன்று வந்தது ஒரு 10 டன் பாட்டில் ஜாக்கி. "நல்லாத்தான் தூக்குதுங்க. கொஞ்ச நேரத்துல உக்காந்துக்குது" என்றார் டிரைவர். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பெரியவர் உடனே கழற்றவில்லை. ஓரமாக நின்ற லாரியின் முன் ஆக்ஸிலுக்கு அடியில் வைத்துத் தூக்கினார். பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கி, இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டார். மேலே எழும் தண்டான ராமில், அது வெளியே வரும் கழுத்தருகே பேனாவால் ஒரு கோடு. லீவர் கம்பியை உருவிவிட்டு, "அம்மிணி, கம்பி சொருகுற கூட்டைப் பாருங்க" என்றார்.

யாரும் தொடாமலேயே கூடு மயிரிழை மயிரிழையாக மேலே எழுந்தது. எழுந்து நின்ற பிறகும் பேனாக்கோடு கழுத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. "ரெண்டு பாலுமே போச்சு" என்றார்.

உள்ளே இரண்டு சின்ன எஃகு குண்டுகள், அவைதான் பால்கள். ஒன்று தொட்டியிலிருந்து பம்புக்கு எண்ணெயை விடும். மற்றது பம்பிலிருந்து சிலிண்டருக்கு விடும், திரும்ப விடாது. இந்த இரண்டாவது சரியாக உட்காராவிட்டால் அழுத்தம் பம்புக்கே திரும்பி வந்து கூட்டைத் தூக்கும். ஆனால் அதோடு நின்றுவிடவேண்டும். பம்பின் விட்டம் 1 செ.மீ., ராமின் விட்டம் 5 செ.மீ. என்றால் பரப்பு 25 மடங்கு. பம்பு இரண்டரை செ.மீ. எழுந்தால் ராம் இறங்குவது 1 மி.மீ.தான். அதற்கு மேலும் இறங்குகிறதென்றால், பெரும்பாலும் முதல் பாலும் ஒழுகித் தொட்டிக்கே எண்ணெய் போகிறது. கூடு அசையாமல் ராம் மட்டும் இறங்கினால் சந்தேகம் வேறு பக்கம்: இறக்குகிற திருகின் அடியிலுள்ள பால், இல்லையென்றால் ராமின் வாஷர். கழற்றாமலே இவ்வளவும் சொல்லிவிடுகிற அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன்.

கழற்றியதும் முகர்ந்து பார்த்தார். பிரேக் ஆயில். எண்ணெய் குறைந்ததும் கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். அது ராமின் ரப்பர் வாஷருக்கு ஆகாது. வாஷர் ஊறவைத்த உளுந்துபோல் உப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. பிய்ந்த துணுக்குகள்தான் பால்களின் இருக்கைகளில் போய் உட்கார்ந்திருந்தன. 5 செ.மீ. ராமில் 10 டன் ஏறினால் சதுர செ.மீ.க்கு 500 கிலோவுக்கு மேல் அழுத்தம்; லாரி டயரில் இருப்பது சுமார் 8 கிலோ. அந்த 500 கிலோவைத் தடுத்து நிறுத்துவது, பால் இருக்கையைத் தொடும் கோடுபோல மெலிந்த ஒரு வட்டம்.

பழைய ஜாக்கிகளில் இந்த வாஷர் தோலில் இருந்ததாம். லண்டனில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ராமின் ஓரக் கசிவை அடக்கியது கிண்ண வடிவத் தோல். அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே செய்தது என்பார்கள். அழுத்தம் கூடக்கூட அதன் உதடு சுவரோடு இன்னும் இறுகும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். இளைஞர் ஒவ்வொரு பழைய பாலையும் அதன் இருக்கையில் வைத்து, மேலே பித்தளைக் கம்பியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இருக்கையில் புதுத் தடம் விழுந்தது. தட்டு வாங்கிய பால்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார். பலமாக அடித்தால் இருக்கையே கெட்டுவிடும்; மெதுவாக அடித்தால் தடம் விழாது. புது வாஷர் போட்டு, ராமை முழுக்க இறக்கி ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி, திருகைத் திறந்து சிலமுறை அடித்துக் காற்றை வெளியேற்றினார்.

மறுபடி அதே ஆக்ஸில், புதுக் கோடு. டிரைவர் அவசரப்பட்டார், பெரியவர் விடவில்லை. டீ குடித்து, சாப்பிட்டும் முடித்தோம். கோடு அங்கேயே நின்றது.

கிளம்பும்போது ஜாக்கியோடு இரண்டு மரக்கட்டைகளையும் டிரைவர் கையில் கொடுத்தார். "ஜாக்கி தூக்கத்தாங்க. கட்டை வெக்காம அடியில போகாதீங்க." என் அப்பா கட்டை வைத்து நான் பார்த்ததே இல்லை. கட்டைக்கு எவ்வளவு என்று டிரைவர் கேட்டார். "ஜாக்கிக்கு மட்டும் குடுங்க" என்றார் பெரியவர்.