கம்பத்தில் கத்தரி சீசன்!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? ஊட்டி, கொடைக்கானல்னு பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். உங்க ஹாஸ்டல்ல தேனி மாவட்டத்து ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, அவன் தோள்ல கை போட்டு கம்பத்துக்கு பஸ் ஏறிடுங்க. என்ன சீசன் தெரியுமா? திராட்சைக் கவாத்து!

சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினதும் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். முல்லைப் பெரியாறு தண்ணி பாயற பூமி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டினு எங்கே இறங்கினாலும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டின பந்தல்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை இதுதான்.

ஆனா, கவாத்து நடக்கற தோட்டத்தில் பழம் கேட்டா சிரிப்பாங்க. நேத்து வரைக்கும் பச்சைக் கூரையா இருந்த பந்தல், இன்னிக்கு மொட்டையா நிக்கும். வெயில் நேரா உச்சந்தலையில் இறங்கும். பார்க்கவே பகீர்னு இருக்கும்.

விஷயம் இதுதான். ஃபிரான்ஸ் மாதிரி குளிர் தேசத்தில் இலை தானா உதிர்ந்து கொடி தூங்கிடும். அப்ப வெட்டுவாங்க, வருஷத்துக்கு ஒரு அறுவடை. கம்பத்துக் கொடிக்கு அந்தத் தூக்கமே கிடையாது. விட்டா இலையும் தண்டுமா ஓடிக்கிட்டே இருக்கும். அதனால, அங்கே பனிக்காலம் செய்ற வேலையை இங்கே கத்தரி செய்யுது. டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து, மே, ஜூனில் இன்னொண்ணு. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நாளில் வெட்டறதால, வருஷம் பூரா ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். கவலைப்படாதீங்க, பக்கத்துத் தோட்டத்தில் சாப்பிட்டுக்கலாம்!

வெட்டறதுக்கும் கணக்கு உண்டு. முதிர்ந்த குச்சியில் நாலு கண்ணு விடணும். வரப்போற குலை அந்தக் கண்ணுக்குள்ளேயே கரு பிடிச்சிருக்கும். ஒட்ட வெட்டினா குலை போச்சு. நிறைய விட்டா கொடி தாங்காது, பழம் சிறுத்துடும்.

இதைவிடப் பெரிய தலைவலி, எந்த நாள் வெட்டறதுங்கறது. வெட்டினதிலிருந்து சுமார் நாலு மாசத்தில் அறுவடை. பூ எடுக்கறப்ப மழை பிடிச்சா பூ கொட்டிடும். பழுக்கறப்ப பிடிச்சா பழம் வெடிச்சிடும். எல்லார் பழமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தா விலை படுத்துடும். நாலு மாசம் கழிச்சு வரப்போற மழையையும் விலையையும் நம்பி இன்னிக்கே கத்தரியை எடுக்கணும்!

ஃப்ரெண்டோட அப்பா உங்க கையிலும் ஒரு கத்தரியைக் கொடுப்பார். தயங்கி நின்னா, "என்ன தம்பி, பாவம் பார்க்கறீங்களா? வெட்டுங்க, வெட்டுங்க!"னு சிரிப்பார். உங்க ஃப்ரெண்ட் மட்டும் சிரிக்க மாட்டான். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பந்தலில்தான் இருக்கு.

வெட்டின குச்சியில் ஒரு துணியைக் கட்டிட்டு வாங்க. ஏப்ரலில் திரும்பப் போய் எத்தனை குலைனு எண்ணிப் பாருங்க. மழை எச்சரிக்கைனு செய்தி வந்தாலே அவன் ஏன் வீட்டுக்கு போன் போட ஓடறான்னு அப்பப் புரியும்!