நீ சுடு, நான் பார்க்கிறேன்

நெய்வேலி,
18-ஆம் வட்டம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள சுசீ,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன்டி. கோபிக்காதே, முழுசாகப் படி.

பையன் வேலைக்குப் போனபோது பழைய லேப்டாப்பை இங்கேயே போட்டுவிட்டுப் போனான். இவருக்கு நைட் ஷிஃப்ட் வந்துவிட்டால் வீட்டில் நானும் பல்லியும்தான். சீரியல் அலுத்துப்போய் ஒருநாள் அதைத் திறந்தால், உள்ளே எக்ஸ்காம் என்று ஒரு விளையாட்டு. 2012-இல் வந்தது. வேற்றுக்கிரகத்துக்காரன் பூமியில் வந்து இறங்குகிறான், நாலு பேரை அனுப்பி விரட்ட வேண்டும். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறாயா? நாமும் திண்ணையில் ஆடுபுலி ஆடினவர்கள்தானே! புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குத் தாண்டத் தெரியும், ஆட்டுக்குச் சேர்ந்து வளைக்கத் தெரியும். இதுவும் அதே மாதிரி முறை வைத்து ஆடுவதுதான். என் முறையில் நான் ஏதாவது செய்கிறவரை எதிரி அசையமாட்டான். குக்கர் விசிலடித்து நான் எழுந்து போனால், திரும்பி வரும்வரை அப்படியே நிற்பான். இந்த வீட்டில் வேறு யாருக்கு அவ்வளவு பொறுமை?

முதலில் வருகிறவர்கள் எல்லாரும் கத்துக்குட்டிகள். ஒரு எதிரியை வீழ்த்தினால் பதவி உயர்வும் ஒரு வகுப்பும். பாய்ந்து போய் அடிக்கிறவன் அசால்ட், ராக்கெட் தூக்குகிறவன் ஹெவி, தூர இருந்து குறிபார்க்கிறவன் ஸ்னைப்பர், மருந்துப்பையோடு ஓடுகிறவன் சப்போர்ட். யாருக்கு எது என்று நம்மைக் கேட்காது, அதுவாகவே கொடுத்துவிடும். நம்ம ஊரில் வரன் வந்தால் "மைன்ஸா, தெர்மலா, என்ன டிரேடு?" என்று கேட்போமே, ஃபிட்டரா வெல்டரா என்று, அந்தக் கதைதான்.

ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். விடுவேனா? நம் தெருவையே படையில் சேர்த்துவிட்டேன். எதிர்வீட்டு மாமிக்கு ஹெவி வாய்த்தது. பொருத்தம் பார்த்தாயா! மாமி ராக்கெட் விட்டால் எதிரி ஒளிந்திருந்த சுவரே காணாமல் போகிறது. ஊறுகாய் அக்கா சப்போர்ட். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஷாயத்தோடு வந்து நிற்கிறவருக்கு வேறு என்ன வரும்? எனக்கு அசால்ட். ஓடிப்போய் நின்ற கையோடு சுடுகிற வேலை. "உன் வாய்க்கு ஏத்த வேலைதான்" என்றார் இவர். உனக்கு ஸ்னைப்பர்.

இதற்குப் பிறகுதான் நிஜமான தலைவலி. ஒவ்வொரு பதவி உயர்விலும் பெரும்பாலும் இரண்டு திறமையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை எடு என்கிறது. எடுக்காதது போனது போனதுதான். அக்காவுக்கு மூன்று முறை மருந்து போடும் திறமையை எடுத்தேன். கூடுதல் புகைக்குண்டு போயிற்று. சப்போர்ட் எதற்கு, சுடுகிற ஆளாகச் சேர்த்துக்கொள்ளேன் என்று பையன் போனில் சிரித்தான். சுரங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பக்கெட் வீல் மெஷினைத்தான் போட்டோ எடுப்பார்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கிற ஊற்றுத் தண்ணீரை ராப்பகலாக இறைக்கிற பம்பை எவன் எடுத்தான்? அது நின்றால் தண்ணீர் மேலே பொங்கும், அப்புறம் எங்கே நிலக்கரி வெட்டுவது? நெய்வேலியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார்.

1994-இல் வந்த முதல் எக்ஸ்காமில் வகுப்பே கிடையாதாம். ஜூலியன் கோலப் என்ற இங்கிலாந்துக்காரர் செய்தது. அதில் சுடச்சுடக் குறி தேறும், எறிய எறியக் கை தேறும். கேட்டதும் உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. ஒரு டிரேடும் இல்லாமல் மண் வேலைக்கு வந்து, மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று ஆபரேட்டர் ஆனவர். 1961-இல் முதல்முதலாகக் கரி கண்ணில் பட்ட கதையை உன் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாரே, பாயசம் ஆறுகிறதென்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்!

2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். சில நாள் பயிற்சிக்கு அனுப்பினால் பழைய திறமைகளை அழித்துப் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். நம் பின்தெரு சாரும் அப்படித்தான், ரிட்டயர் ஆன மறுமாசமே மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், தெரியுமா? தெருவே காது பொத்திக்கொண்டிருக்கிறது.

உன் கதைக்கு வருகிறேன். ஸ்னைப்பருக்கு முதல் தேர்வே கஷ்டம். ஒன்று, நகர்ந்த பிறகும் சுடலாம், ஆனால் குறி கொஞ்சம் பிசகும். இன்னொன்று, உன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட்டாளி ஒருத்தர் பார்த்தால் போதும், சுடலாம். நான் யோசிக்கவே இல்லை, இரண்டாவதை எடுத்தேன். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு நீ செய்கிறது அதுதானே? போன மாசம் மகளிர் மன்றத்தில் சீட்டுக் கணக்கைப் பற்றி மாமி என்னை ஒரு வாங்கு வாங்கினதை எழுதினேன். நீ அங்கிருந்து ஒரே ஒரு போன் போட்டாய். மறுநாள் மாமி கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து நீட்டுகிறார். பார்த்தது நான், சுட்டது நீ.

விளையாட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்னால் ஓடிப் பார்ப்பேன், நீ மொட்டைமாடியிலிருந்து முடிப்பாய். நேற்று ராத்திரி மாட்டிக்கொண்டேன். கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஆடிட்டுக்கு வந்தவன் மாதிரி ஒரு ஒல்லிப்பயல். பதுங்கியிருந்து, நகர்கிறவரைச் சுடத் தயாராக நின்றான். ஓடும்போது பாய்கிற முதல் குண்டைத் தவறவைக்கிற திறமை ஒன்று எனக்குக் கிடைத்திருக்கும். கிட்டே போய் அடித்தால் அடி பலமாக விழுகிற திறமைதான் வேண்டும் என்று அதை விட்டிருந்தேன். கிட்டே போனால்தானே வம்பு சுவாரசியம்! விழுந்தேன். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. படையிலேயே பெரிய பதவி உனக்குத்தான், அத்தனை நீளத் துப்பாக்கி, மாடியில் நின்றுகொண்டு எதுவும் தெரியாமல் இருட்டைப் பார்க்கிறாய். செத்தவர்களுக்கென்று அங்கே ஒரு சுவர் இருக்கிறது. அதில் என் பெயரை நானே படித்தேன்.

தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். வரும் மார்ச்சில் இவர் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கடலூர் வீட்டுக்குப் போகிறோம். பின்கட்டுப் பலா இந்த வருஷம் அடியிலேயே காய்த்திருக்கிறது, அதைத்தான் விட்டுப்போக மனசில்லை. மாமி வீட்டு வாசலுக்கு யார் வருகிறார்கள், எந்த வீட்டில் சண்டை என்று இனி யார் பார்த்துச் சொல்வது?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். நான் இனி அந்த முதல் திறமையை எடுத்துக்கொள்கிறேன். நகர்ந்த பிறகும் எழுதுவேன். குறி கொஞ்சம் பிசகும். அக்கா போனில் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி என்று இருக்கும். நீ மட்டும் மாடியைவிட்டு இறங்கிவிடாதே.

இவர் வண்டிச் சத்தம் கேட்கிறது. மிருதங்க சார் வீட்டம்மா செய்த காரியத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்,
சாந்தி