ஓரடி முன்னே சென்றவன்

பாலாற்றின் கரையோரமாக ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீண்டு கிடக்கும் தோல் தொழில் பகுதியில் பங்குப்பணி ஆற்றுவோர்க்கு சூன், சூலை மாதங்கள் நம்பிக்கையின் மாதங்கள். கல்லூரியில் இடம் கிடைத்த இளைஞர்கள் ஏதேனும் ஒரு கையொப்பமோ, பரிந்துரைக் கடிதமோ வேண்டிப் பங்கு இல்லத்தின் படியேறி வருவர். உடன் தந்தையும் வருவார். சுண்ணாம்பிலும் உப்பிலும் ஊறி வெடித்த அவருடைய கைகளை நாம் காண்போம். தாம் செய்யும் வேலைக்குத் தம் மகன் வரக்கூடாது என்பதே அவருடைய வாழ்நாள் வேண்டுதல்.

ஐப்பசி, கார்த்திகையில் அதே இளைஞருள் சிலரை நாம் வேறிடங்களில் சந்திக்கிறோம். ஒருவன் தோல் ஏற்றும் லாரியில் சுமை தூக்குகிறான். ஒருவன் ஷூ கம்பெனியில் அடித்தோலுக்குப் பசை தடவுகிறான். ஒருவன் சென்னை சென்று வீடு வீடாக உணவுப் பொட்டலம் சேர்க்கிறான். ‘ஏனப்பா?’ என்று கேட்டால் ஒரே விடைதான் வரும்: ‘படிப்பு ஏறவில்லை, சாமி.’

அவ்விடை உண்மைதானா? அன்பர்களே, இதையே உங்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம்.

இப்பகுதியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலூர் ஊரிசு கல்லூரி 1898இல் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், சலேசியத் துறவியரின் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இலும் எழுந்தன. இவற்றுள் தோல் வணிகரின் கொடையால் வளர்ந்தவையும் உண்டு. தோல் விற்ற பணம் கல்லூரி கட்ட உதவியது. தோல் பதனிட்டவரின் மகன் அங்கே அமர்வது நியாயமே அன்றோ?

அவன் அமரவும் செய்கிறான். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் ஆண் மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வாயில் அகலத் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாயிலில் நுழைவது வேறு, வீட்டினுள் வாழக் கற்பது வேறு.

கல்லூரிக்கென்று எழுதப்படாத சட்டங்கள் பல உண்டு. பள்ளியில் ஆசிரியர் கேள்வியையும் சொல்லி விடையையும் எழுதிப் போடுவார். கல்லூரியில் பேராசிரியர் பேசிக்கொண்டே செல்வார், எதைக் குறித்துக்கொள்வது என்று எவரும் சொல்வதில்லை. வருகை 75 விழுக்காட்டிற்குக் குறைந்தால் தேர்வெழுத இயலாது என்பதைப் பலர் ஹால் டிக்கெட் வரும் நாளில்தான் அறிகின்றனர். ‘இன்டர்னல்’ மதிப்பெண் சிறுகச் சிறுகச் சேருவது என்றும், ‘அரியர்’ என்பது வாழ்வின் முடிவன்று, மீண்டும் எழுதக்கூடிய ஒரு தாளே என்றும் அவனுக்கு யார் சொல்வார்?

நம் தலித் கத்தோலிக்கப் பிள்ளைகளின் நிலையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் அளித்தது; 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது; கிறிஸ்தவருக்கு விரியவில்லை. அதை விரிக்க வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்க்குத் தமிழக அரசு தனியே கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. இது பலருக்குத் தெரியாது. எந்தச் சான்றிதழோடு, எந்தச் சாளரத்தில், எந்தத் தேதிக்குள் நிற்பது என்பதைக் கடந்த ஆண்டு அங்கே நின்றவனே நன்கறிவான்.

இங்குதான் மூத்தோராகிய நம் எல்லை தெரிகிறது. தந்தை கல்லூரி வாசலைத் தாண்டியதில்லை. பேராசிரியர் நல்லவராயினும், அறுபது பேர் கொண்ட வகுப்பில் வாய் திறவாதவனின் உள்ளத்தை எங்ஙனம் அறிவார்? பங்குக் குருவாகிய நாமோ ‘நன்றாகப் படி, மகனே’ என்று தலைமேல் கை வைக்கிறோம். அது ஆசீர், வழிகாட்டுதல் அன்று. மேலும், நம் இளைஞரிடம் ஒரு தனிக்கூச்சம் உண்டு. தெரியாது என்று சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என எண்ணுகின்றனர். கேட்டு அவமானப்படுவதினும் கேளாமல் விலகிவிடுவது அவர்களுக்கு எளிதாகத் தோன்றுகிறது. பெரியவர்கள் முன் வாய் திறவாத இந்தப் பிள்ளை, தன்னினும் ஓராண்டு, ஈராண்டு மூத்த ஒருவனிடம் திறப்பான். ‘அண்ணா’ என்று அழைக்கும் அளவிற்கு அவன் மூத்தவன். அஞ்சத் தேவையில்லாத அளவிற்கு அவன் தோழன்.

நம் பங்கில் சில ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் கல்லூரி மாணவர் சிலர் மறைக்கல்வி அறையில் கூடுகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், தெருவிலுள்ள இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் வருகின்றனர். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு, அதே பாடம் பயிலும் முதலாண்டு மாணவர் இருவர். முதல் ஆறு வாரங்கள் தவறாமல் சந்திக்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஏனெனில் வருகை குறைவதும் மனம் தளர்வதும் அப்போதுதான் தொடங்குகின்றன. ‘படிக்கிறாயா?’ என்று அண்ணன்மார் கேட்பதில்லை. ‘இந்த வாரம் எந்த வகுப்பு புரியவில்லை?’ என்று கேட்கின்றனர். முதற்கேள்விக்குப் பொய் சொல்லலாம். இரண்டாவது கேள்வி உண்மையை எளிதாக்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு, வணிகவியல் பயின்ற ஒருவன் முதற்பருவத்தில் மூன்று தாள்களில் தோற்றுக் கல்லூரிக்குச் செல்வதை நிறுத்திவிட்டான். தந்தை ஆலை மேலாளரிடம் அவனுக்காக வேலை பேசி முடித்திருந்தார். நாம் அவ்வில்லம் சென்றபோது அவனுடைய அண்ணன் மாணவனும் உடன் வந்தான். நாம் சொன்ன ஆறுதல் மொழிகளைப் பையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூத்தவன் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து தன் முதலாண்டு மதிப்பெண் பட்டியலை எடுத்து அவன் கையில் கொடுத்தான். அதிலும் மூன்று தாள்களில் தோல்வி. பையன் நெடுநேரம் அதைப் பார்த்தான். பின் தலை நிமிர்ந்து, ‘இதையெல்லாம் எப்படிண்ணா முடிச்சீங்க?’ என்று கேட்டான். அன்றிரவு ஒன்பது மணிவரை இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசினர். திங்களன்று அவன் கல்லூரிக்குச் சென்றான். இன்னும் ஒரு தாள் அவனுக்குப் பாக்கியிருக்கிறது. ஆனால் ‘படிப்பு ஏறவில்லை’ என்ற சொல் அவன் வாயிலிருந்து மறைந்துவிட்டது. அந்த மதிப்பெண் பட்டியலை நாம் காட்டியிருக்க இயலாது. நம்மிடம் அது இல்லை.

இது நம் ஊரின் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் நிறம் செய்யும் கொடுமையை இங்கே சாதி செய்கிறது. ஆகவே அங்குள்ள பாடம் நமக்கும் உதவும். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் தோற்கின்றனர் என்று ஆராய்ந்தார். ஊக்கமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்பன ஆசிரியர்கள் கூறிய காரணங்கள். மாணவரோடு பழகிப் பார்த்தபோது அவை பொருந்தவில்லை. சீன வம்சாவளி மாணவர் கூடிப் படித்து, ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர். கறுப்பின மாணவரும் கடுமையாகவே உழைத்தனர். ஆனால் தனித்தனியே உழைத்தனர். குறை அறிவில் இல்லை, தனிமையில் இருந்தது. எளிய பாடம் தந்து இரங்காமல், கடினமான கணக்குகளைத் தந்து கூடிச் செய்யும் குழுக்களை அவர் அமைத்தார், அவர்கள் தேறினர்.

அதே காலத்தில், 1973இல், மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் என்னும் அம்மையார் வேறொரு நுட்பம் கண்டார். தோற்கும் மாணவர் யார் என்று தேடாமல், பலரும் தோற்கும் பாடம் எது என்று தேடினார். அப்பாடத்தில் நன்கு தேறிய மூத்த மாணவர் ஒருவர் இளையோரோடு மீண்டும் வகுப்பில் அமர்ந்து, பின்னர் குழுவாகப் படிக்க உதவுவார். யாரும் ‘மக்கு’ என்று முத்திரை பெறுவதில்லை. முத்திரைகளால் வதைபடும் நம் சமூகத்திற்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறுண்டோ?

நம் திருச்சபை மரபிலும் இதற்கு வேர் உண்டு. 1856இல் தூரின் நகரில், தொன் போஸ்கோவின் இல்லத்தில், பதினான்கு வயதுச் சிறுவன் தோமினிக் சாவியோ தன் நண்பர்களைச் சேர்த்து அமல உற்பவ மாதா சபையைத் தொடங்கினான். புதிதாக வந்து மிரண்டு நிற்கும் சிறுவர்க்கும், எவரோடும் ஒட்டாத சிறுவர்க்கும் துணையாவது அவர்களது பணிகளுள் ஒன்று. திருத்தூதர் பணிகளில் வரும் பிலிப்பையும் நினைவுகூர்வோம். தேரில் அமர்ந்து எசாயாவின் சுருளைப் படித்த எத்தியோப்பிய அலுவலருக்கு எழுத்து தெரிந்தது, பொருள் தெரியவில்லை. பிலிப்பு வழியோரம் நின்று போதிக்கவில்லை. தேரோடு ஓடினார், பின் ஏறி அருகில் அமர்ந்தார்.

எச்சரிக்கையும் தேவை. மூத்த மாணவன் என்பவன் எப்போதும் துணைவனாகவே இருப்பான் என்பதில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்டார். அதன்பின் 1997இல் தமிழகத்தில் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் பயின்றோரே வெட்டினர். அதனையொட்டி அமைந்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. ஒத்த வயதினரின் உறவு இருபுறமும் கூரான வாள். ஆகவே அண்ணன்மாரைத் தேர்ந்தெடுப்பதிலும் பழக்குவதிலும் பெரியோர் கண் வேண்டும். கந்துவட்டிக் கடன், குடிப்பழக்கம், உயிரை மாய்க்கும் எண்ணம் போன்றவற்றை அவர்கள் தனியே சுமக்கலாகாது. உடனே மூத்தோரிடம் சொல்லவேண்டும் என்று முதல் நாளே உணர்த்தவேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஓர் அறை, ஒரு விளக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். தேவைப்படுவது மனிதர். பட்டம் பெற்று வேலூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ பணிபுரியும் நம் பங்கின் பிள்ளைகளே, நீங்கள் பெற்ற பதக்கங்களைக் கொண்டு வந்து காட்ட வேண்டா. தோற்ற தாள்களைக் கொண்டு வாருங்கள். தவறவிட்ட தேதிகளையும், வகுப்பில் கேட்க அஞ்சிய கேள்விகளையும் கொண்டு வாருங்கள். பெற்றோரே, உங்கள் மகன் முதற்பருவத்தில் தோற்றால், வேலை பேசுமுன் அவன் யாரோடு படிக்கிறான் என்று கேளுங்கள். யாரோடும் இல்லை என்பது அவன் விடையானால், ஏறாதது படிப்பு அன்று. ஏற்றிவிடும் கை இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள்.