அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் பிள்ளையின் உரிமை போய்விடுமா?

கோடை விடுமுறை என்றால் முன்பெல்லாம் பாட்டி ஊர், கிணறு, பம்புசெட். இப்போது சென்னைப் பிள்ளைகளுக்குக் கோவளமும் முட்டுக்காடும் இருக்கின்றன. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, பலகை மேல் நின்றபடியே துடுப்புப் போடும் ஸ்டாண்ட்-அப் பேடலிங் என்று வார இறுதி வகுப்புகள் களைகட்டுகின்றன. கிணற்றில் குதிக்க நம்மிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. இங்கே தண்ணீரில் கால் வைக்கும் முன்பே காகிதம் வந்துவிடுகிறது.

அப்படி ஒரு காகிதத்தை அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவள் மகனுக்குப் பத்து வயது. ஈ.சி.ஆரில் ஓர் இடத்தில் மூன்று வாரக் கயாக் வகுப்பில் சேர்க்கப் பணம் கட்டியாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நீதான் ரிப்போர்ட்டராச்சே, படிச்சுட்டுச் சொல்லுடி. 'டெத்'னு எல்லாம் போட்டிருக்கு. கை நடுங்குது."

இரண்டு பக்க ஆங்கிலம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: காயம், ஊனம், மரணம் எது நடந்தாலும், அது எங்கள் ஊழியர்களின் அலட்சியத்தால் நடந்திருந்தாலும், நானோ என் பிள்ளையோ வழக்குப் போடமாட்டோம், எல்லாம் எங்கள் பொறுப்பு. கீழே பெற்றோர் கையெழுத்து.

வீட்டில் இரண்டு கட்சி. "எல்லா இடத்துலயும் இதுதான். கண்ணை மூடிட்டுப் போட்டுட்டு வா" என்றார் மாமா. அப்பாவோ, "கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கு ஒரு வார்த்தை கேக்க முடியாது. பிள்ளையை எழுதிக் கொடுக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்" என்றார்.

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 11-வது பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. சரி, பிள்ளைக்குப் பதில் அம்மா போடலாமே? இந்துக் குடும்பங்களுக்கான 1956-ம் ஆண்டு மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-வது பிரிவு, காப்பாளர் பிள்ளையின் நன்மைக்காக எதையும் செய்யலாம் என்கிறது. ஆனால், தன் வாக்குறுதியால் பிள்ளையைத் தனிப்பட்ட முறையில் கட்டிப்போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு எல்லோருக்கும் பொருந்தும். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை முழுவதுமாகத் தடுக்கும் ஒப்பந்த வாசகம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது.

'வண்டி உரிமையாளரின் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது' என்று பார்க்கிங் டோக்கனில் பார்த்திருப்பீர்கள். ஹோட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப்போன வழக்கில், அந்த வரியைக் காட்டித் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காருக்கே அப்படியென்றால், பிள்ளைக்கு?

இந்த மாதிரிப் படிவங்களின் வாசகத்தில் அமெரிக்க வாடை அடிக்கும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கொலராடோவில், பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது என்று 2002-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே சட்டமன்றம் அதை மாற்றி, விட்டுக்கொடுக்கலாம் என்று சட்டம் போட்டது. பிரிட்டனில் நுகர்வோருக்கான 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உள்ள பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் கைகழுவ முடியாது.

அதற்காகக் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கயாக் கவிழும், கை சிராய்க்கும், உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறும். இவை அந்த விளையாட்டோடு வருபவை. 'இதெல்லாம் தெரிந்துதான் அனுப்பினீர்கள்' என்பதற்கு அந்தக் கையெழுத்து ஆதாரமாகலாம். ஆனால், இடி இடிக்கும்போது படகை இறக்குவதும், அளவு பொருந்தாத லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுவதும் விளையாட்டோடு வருபவை அல்ல. அவை அலட்சியம். கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்பு ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

சட்டம் பின்னால்தான் வரும்

இதையெல்லாம் சொன்னதும் அக்கா கொஞ்சம் நிம்மதியானாள். பிறகு அவளே கேட்டாள்: "அதெல்லாம் சரிடி. ஏதாவது ஆனதுக்கப்புறம் கேஸ் ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. 1995 மே மாதம் பஞ்சாபின் பதான்கோட் பகுதிப் பள்ளி ஒன்றிலிருந்து பிக்னிக் போன 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2001-ல். ஆறு ஆண்டுகள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலா போன படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள்; எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. இந்த இரண்டையும் கரையில் நிற்கும் ஒருவரால் எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்திருக்க முடியும்.

அதனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்காவோடு நானும் போனேன். கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தோம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? அவருக்கு உயிர்காக்கும் பயிற்சியும் முதலுதவியும் தெரியுமா? கூடவே மீட்புப் படகு வருமா? காற்றும் மழையும் வந்தால் வகுப்பை நிறுத்தும் முடிவு யாருடையது? பக்கத்து மருத்துவமனை எது, கொண்டுபோக வண்டி இருக்கிறதா?

பயிற்சியாளர் இளைஞர். கோபப்படவில்லை, நிதானமாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரே இடத்தில்தான் சிக்கல். பையனுக்கு மாட்டிய லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளையெல்லாம் பூட்டிவிட்டு, கைகளை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தோம். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காதுவரை வந்துவிட்டது. தண்ணீரிலும் அப்படித்தான் வரும். பிள்ளை கீழே, ஜாக்கெட் மேலே. உள்பக்க லேபிளில் 50 கிலோவுக்கு மேல் என்று இருந்தது. இவன் 28 கிலோ.

"சின்ன சைஸ் எல்லாம் இன்னைக்கு வேற பசங்க போட்டிருக்காங்கக்கா. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்" என்றார் அவர்.

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "பரவாயில்ல தம்பி. அடுத்த வாரம் வர்றோம்" என்றாள். பையன் அழுத அழுகை இருக்கிறதே! மற்ற பிள்ளைகள் துடுப்புப் போடுவதைப் பார்த்துக்கொண்டே கரையில் உட்கார்ந்து தேம்பினான். திரும்பும் வழியில் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. மறு சனிக்கிழமை அவன் அளவுக்கு ஜாக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தப் படிவத்தின் உண்மையான பயன்

இன்னொரு விஷயம். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் உடல்நலம் பற்றி நான்கு கேள்விகள் இருந்தன. அக்கா அதைக் காலியாக விட்டிருந்தாள். பையனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம். நிறைய அம்மாக்களுக்கு இந்தப் பயம் உண்டு.

என்னைக் கேட்டால், அந்த இரண்டு பக்கத்தில் பிள்ளையின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள இடம் அந்த நான்கு கோடுதான். 'வீசிங் உண்டு. இன்ஹேலர் நீலநிறப் பையில்' என்று அவளே எழுதினாள். பயிற்சியாளர் படித்துவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார். டாக்டர் சரி என்ற பிறகு, அந்தப் பையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மீட்புப் படகில் வைத்துக்கொண்டார். எழுதாமல் விட்டிருந்தால் அது அக்காவின் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்திருக்கும்.

கையெழுத்தும் போட்டாள். பக்கத்தில் தேதி எழுதி, இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். நீங்களும் எடுத்து வையுங்கள். பெரும்பாலான இடங்களில் நமக்கு நகல் தருவதில்லை. "இது ஃபார்மாலிட்டிதாங்க" என்று பேனாவை நீட்டினால், வாங்கிக்கொண்டு முதலில் ஜாக்கெட்டைப் பாருங்கள், பயிற்சியாளர்களை எண்ணுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்கு முகம் சுளிக்கமாட்டார்கள். சுளித்தால், அன்றைக்குப் பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.