பழைய கிரீஸை வழித்தெடுப்பவர்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் திங்கட்கிழமை என்றால் துணி துவைக்கும் நாள். ஆமிஷ் வீடுகளின் நீண்ட கொடிகளில் நீலமும் கருப்புமாக உடுப்புகள் காய்கின்றன. பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடாத கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். ஆனாலும் பல வீடுகளில் வாஷிங் மெஷின் இருக்கிறது. துணியைப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள் வைத்த பழைய மேடாக் கம்பெனி மெஷின். அதிலுள்ள மின் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சிறிய பெட்ரோல் எஞ்சினையோ அழுத்தக் காற்றில் ஓடும் மோட்டாரையோ மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மெஷின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்குத்தான் போயிருந்தேன்.

கூரைக் கண்ணாடி வழியே வரும் பகல் வெளிச்சத்தில் ஒரு பெரியவரும் அவர் மகனும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். படமெடுப்பதை ஆமிஷ் மக்கள் விரும்புவதில்லை என்பதால் கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டேன்.

மேடாக் நிறுவனம் 1893இல் அயோவா மாநிலத்தின் நியூட்டன் ஊரில், விவசாயக் கருவிகள் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1907இல் முதல் துவைக்கும் இயந்திரத்தைச் செய்தது. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காகப் பெட்ரோல் எஞ்சின் வைத்தும் விற்றது. 1919இல் அலுமினியத் தொட்டி வந்தது. 1922இல் தொட்டியின் அடியிலிருந்து துணியை அலசும் அஜிடேட்டர் வந்தது. உருளை வைத்த மாடல்கள் 1983 வரை தயாராயின. 2006இல் வேர்ல்பூல் அந்நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது. மெஷின்கள் மட்டும் இங்கே இன்னும் ஓடுகின்றன.

மேசை மேல் இருந்த மெஷினில் முதலில் அஜிடேட்டரை எடுக்க வேண்டும். சோப்புப் படிவு இறுகி, அது ஷாஃப்டோடு ஒட்டிப் போயிருந்தது. மகன் சுத்தியலைத் தொடவில்லை. வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல அசைத்துத் தூக்கினார். “துவைத்து முடித்ததும் இதைக் கழற்றிக் காயவைத்தால் ஒட்டவே ஒட்டாது” என்றார்.

பிறகு தொட்டிக்கு அடியில் இருந்த கியர் பெட்டியைத் திறந்தார்கள். சுழன்று வரும் விசையை இப்படியும் அப்படியுமான அசைவாக மாற்றுவது இந்தப் பெட்டிதான். வடிந்த ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தது. ஷாஃப்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, துவைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. அந்த ஆயிலால் பல்லுக்குப் பல் உரசுவதைத் தடுக்க முடியாது, இரும்பும் துருப்பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் பெரியவர் சொன்னது எனக்குப் பாடமாக அமைந்தது. “எல்லாரும் ஆயில் ஊற்றத்தான் அவசரப்படுகிறார்கள். பழசை எடுக்கிறதுதான் வேலை.” மூலைகளில் கட்டிப்பட்ட கிரீஸை மரக்குச்சியால் வழித்தார், மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்து ஒவ்வொரு பல்லிடுக்கையும் தேய்த்தார், துணியால் துடைத்துக் காயவிட்டார். பழைய கிரீஸில் தேய்ந்த இரும்பின் பொடி கலந்திருக்கும். அதன்மேல் புது ஆயிலை விட்டால் பொடி மறுபடியும் பற்களுக்கு நடுவே போய் அராவும். புது சீலும் கேஸ்கட்டும் வைத்த பிறகுதான் கெட்டியான கியர் ஆயில் விட்டார், அளவோடு. மெல்லிய ஆயில் என்றால் கசிந்துவிடும்.

கடைசி வேலை பிழியும் தலைப்பகுதியில். உருளைகளின் புஷ்களில் சில சொட்டு ஆயில் மட்டும் விட்டு, வழிந்ததை உடனே துடைத்தார். ஆயில் பட்டால் ரப்பர் உப்பிவிடும். ஆனால் அவர் அதிக நேரம் செலவிட்டது உருளைகளை விடுவிக்கும் நெம்புகோலில். அந்தக் காலத்தில் உருளைக்குள் கை சிக்கிக் காயம்பட்டவர்கள் ஏராளம். மருத்துவர்கள் அந்தக் காயத்துக்கு ‘ரிங்கர் ஆர்ம்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். நெம்புகோலின் மூட்டில் கிரீஸ் காய்ந்து இறுகினால், தட்டிய கணத்தில் உருளைகள் விலகாது. மெஷினை மறுபடி மாட்டியதும் அதை ஓடவிட்டு, ஒரு பழைய துண்டை உருளைக்குள் கொடுத்து, நெம்புகோலைப் பலமுறை தட்டிப் பார்த்தார். “இது வேலை செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வேலை செய்து என்ன பயன்? இதற்கு முன்னால் ஒரு தாய் நிற்பாள், பிள்ளைகள் நிற்பார்கள்.”

இவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். அதே அளவு மதிக்க வேண்டியது, அந்தத் திறனுக்கு இடம்விட்ட வடிவமைப்பை. சாதாரண ஸ்பேனருக்கு இந்த மெஷின் முழுவதும் திறந்துகொள்கிறது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் தொட்டியையே ஒட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு பேரிங் போனால் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கே எவ்வளவு தேர்ந்த மெக்கானிக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடையில் மெஷின் வாங்கும்போது எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார் என்று கேட்கிறோம். இதைக் கழற்ற முடியுமா, உதிரிபாகம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்போம். கேட்பவர்கள் பெருகினால், போல்ட் போட்ட மெஷின்கள் திரும்பி வரும். அவற்றைத் திறந்து துடைக்கத் தெரிந்தவர்களுக்கும் பிழைப்பு இருக்கும்.