பாம்பன் தீவுக்குச் செல்வோருக்கு

பயணத்திற்கு அரபு மொழியில் ‘ஸபர்’ என்று பெயர். அச்சொல்லின் வேருக்குத் திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள்களும் உண்டு. உடன் வருவோரின் குணத்தை வெளிப்படுத்திக் காட்டுவதாலேயே பயணத்திற்கு அப்பெயர் வந்தது என்று மொழிநூலார் கூறுவர். மத்ரஸாவில் இதனைப் படித்த நாளில், வெளிப்படுவது பிறருடைய குணமே என்று எண்ணியிருந்தோம். நம்முடைய குணமும் வெளிப்படும் என்பதைப் பாம்பன் தீவின் கடைக்கோடியில்தான் அறிந்துகொண்டோம்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துக் குடும்பத்தினர் பலர் விடுமுறை நாள்களில் ஏர்வாடி, கீழக்கரை, இராமேசுவரம் என்று பயணம் புறப்படுகின்றனர். புறப்படுமுன் நம்மிடம் வந்து, “எப்போது போகலாம், எங்கே தங்கலாம், தொழுகையை எப்படி அமைத்துக்கொள்ளலாம்?” என்று கேட்பது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை ஈண்டு ஒருங்கே எழுதுகிறோம். நாம் செய்த பிழை ஒன்றையும் அதனோடு சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அதனை மறைத்துவிட்டு அறிவுரை மட்டும் வழங்குவது நேர்மையாகாது.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அத்தீவை மழையும் புயலும் சூழும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரமே அழிந்தது. அந்நகரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயிலும் அதிலிருந்தோருடன் கடலில் மூழ்கியது. அதுவரை சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்று, நம் முன்னோர் இலங்கையில் வாணிகம் செய்து வந்தனர். இன்று அங்கே எஞ்சியிருப்பவை இடிந்த மாதா கோயிலும், இரயில் நிலையத்தின் சுவர்களும், மீனவர் குடிசைகளுமே. தை பிறந்த பின்னர்ச் செல்வது நலம். ஆனால் அமாவாசை நாள்களை, அதிலும் ஆடி, தை அமாவாசைகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்நாள்களில் அக்னி தீர்த்தத்தில் நீராட நாடெங்கிலுமிருந்து இந்துப் பெருமக்கள் திரளுவர். தங்க அறை கிடைப்பது அரிது.

இதனை அனுபவித்தே சொல்கிறோம். 2018ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், மாலை நேர மக்தபில் ஓதும் மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு, நாமும் ஓர் இளம் ஆசிரியருமாகப் புறப்பட்டோம். இறங்கிய நாள் ஜனவரி 16; தை அமாவாசை. மாதந்தோறும் பிறை பார்த்து அறிவிப்பதையே பணியாகக் கொண்ட நாம், பிறை தெரியாத நாளைப் பஞ்சாங்கத்தில் பார்க்க மறந்தோம்! அறை எங்கும் கிடைக்கவில்லை. முடிவில் பள்ளிவாசல் ஒன்றின் மோதினார் நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வாங்க ஹஜ்ரத், வராந்தாவிலே படுத்துக்கிடட்டும்” என்று இடம் கொடுத்தார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

அடுத்தது வழி. இரயிலில் செல்வோர் எழும்பூரிலோ தாம்பரத்திலோ ஏறலாம். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குகிறது. விடுமுறைக் காலமாயின் முதல் நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள். பேருந்தில் செல்வோர் கோயம்பேடு என்று பழைய நினைவில் புறப்பட்டுவிட வேண்டா. தென் மாவட்டப் பேருந்துகளுக்கென 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டுவிட்டது. ஆவடியார் நெமிலிச்சேரியிலும், பூந்தமல்லியார் தம் ஊருக்கு அருகிலும் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நேரே வண்டலூரில் இறங்கலாம். கிளாம்பாக்கம் அதற்கு அடுத்தது.

தீவின் வாயில் பாம்பன் பாலம். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதன் அருகே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கைகளைப் போல் பிரிந்து உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலெழுகிறது. 1988 முதல் சாலைப் பாலமும் உண்டு. பலத்த காற்று வீசினால் பாலத்தில் இரயிலை நிறுத்திவைப்பர். ஆகவே திரும்பும் நாளில் சென்னையில் திருமணம், தேர்வு போன்றவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனித் தொழுகை. நம் பகுதியினர் பெரும்பாலோர் ஹனபி மத்ஹபினர். கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மத்ஹபினரே மிகுதி. ஆதலால் அங்கே அஸர் பாங்கு நம் வழக்கத்திற்கு முன்னதாகவே ஒலிக்கும். ஸுப்ஹில் இமாம் குனூத் ஓதுவார். பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பள்ளிவாசலில் திகைக்க மாட்டார்கள். பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணும் ஹனபியர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுவர். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழ வேண்டும். ஊரின் கட்டடங்களைக் கடந்த பின்னரே கஸர் தொடங்கும் என்பது சட்டம். ஆனால் நம் ஊருக்கு எல்லை எது? அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாகிவிட்டது. வீடுகளோ எங்கும் இடைவெளியின்றி நீள்கின்றன. நாம் பேணுதல் கருதிச் செங்கற்பட்டைத் தாண்டும் வரை சுருக்குவதில்லை. நீங்கள் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை சட்டங்களையும் அந்த மாணவர்களுக்கு இரயிலில் விரிவாக எடுத்துரைத்தோம். கடலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல் வேன் ஒன்றில் அரிச்சல்முனைக்குச் சென்றோம். தீவின் நிலம் முடியும் இடம் அது. இடப்புறம் ஒரு கடல், வலப்புறம் ஒரு கடல். ஒன்றை ஆண்கடல் என்றும் மற்றொன்றைப் பெண்கடல் என்றும் அங்குள்ளோர் அழைப்பர். பொழுது சாயுமுன் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும் என்று வேன் ஓட்டுநர் முன்பே சொல்லியிருந்தார். நாமோ ஹனபி முறைப்படி அஸர் நேரம் வரட்டும் என்று காத்திருந்தோம். நேரம் வந்ததும் மணலில் விரிப்பை விரித்து, நாம் இமாமாக முன்னே நிற்க, இளம் ஆசிரியரும் மாணவரும் பின்னே அணிவகுத்தனர். அவ்விடத்தில் கிப்லாவை நோக்கி நின்றால் முனையின் கடல் முதுகுப்புறம் அமையும்.

இரண்டாம் ரக்அத்தில், “பாய்! பாய்!” என்று ஓட்டுநர் கூவுவது கேட்டது. புறப்பட அவசரப்படுத்துகிறார் என்று எண்ணினோம். மீண்டும் கூவினார். அக்குரலில் வேறொரு பதற்றம் இருந்ததை உணராமல் இல்லை. நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றத் தொழுகையை முறித்துவிடுவது கடமை என்பது நாம் ஆண்டாண்டாக வகுப்பில் சொல்லிக்கொடுத்த சட்டம். ஆயினும் இரண்டே ரக்அத்துதானே, முடித்துவிடலாம் என்று ஸுஜூதுக்குச் சென்றோம். பின்னாலிருந்த இளம் ஆசிரியர் தொழுகையை முறித்துக்கொண்டு ஓடும் காலடி ஓசை கேட்டது. நாம் ஸலாம் கொடுத்த பின்னரே திரும்பினோம்.

கடைசி வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுவன், தொழுகை தொடங்கியதும் நழுவி, அலையில் கால் நனைக்கப் போயிருக்கிறான். அங்கே கரை சரிவானது. அலை பின்வாங்கும்போது காலடி மணல் கரைந்து ஓடும். அப்படியே அவனை நீர் இழுத்துக்கொண்டது. சற்றுத் தொலைவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் கயிற்றோடு இறங்கி அவனைப் பிடித்துவிட்டனர். நாம் ஓடிச் சேர்ந்தபோது, இளம் ஆசிரியர் இடுப்பளவு நீரில் நின்று அவனைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். சிறுவன் நீரைக் கக்கிவிட்டு அழுதான். அந்த அழுகையைப் போல் இனிய ஒலியை அதுவரை நாம் கேட்டதில்லை.

மீனவருள் முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, “பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து இப்படிக் கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கலாமா பாய்? சாமி கும்பிடுறதுன்னாலும் ஒரு ஆளைக் காவலுக்கு வெச்சுட்டுக் கும்பிடுங்க” என்றார். படிப்பறிவு இல்லாத அப்பெரியவர் சொன்னது திருக்குர்ஆனின் சட்டம். போர்க்களத்து அச்ச நிலைத் தொழுகையில் ஓர் அணி தொழ, மற்றோர் அணி காவல் நிற்க வேண்டும் என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கிறோம். நமக்கு அது பாடமாக இருந்ததே தவிர, பயன்படுத்தும் அறிவாக இருக்கவில்லை. இளம் ஆசிரியர் நம்மிடம் பயின்றவர். தொழுகையை ஏன் முறித்தார் என்று நாம் கேட்கவில்லை. நாம் ஏன் முறிக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம். “ஹஜ்ரத், உங்க பொறுப்பிலே விடுறேன்” என்று சொல்லி அனுப்பிய தாயிடம் இதனைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? பிள்ளைதான் நலமாக வந்துவிட்டானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஆயினும் அமானிதத்தில் நேர்ந்த குறையை உரியவரிடம் மறைப்பது இரண்டாவது மோசடி. வீட்டு வாசலில் நின்று, ஸுஜூதுக்குப் போனதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னோம். அவ்வம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மகனை உள்ளே அழைத்துக்கொண்டு, “சொன்னீங்களே, அதுவே போதும்” என்றார். மறுநாள் சிறுவன் மக்தபுக்கு வந்தான். அடுத்த ஆண்டுப் பயணத்திற்கு அவனை அவர் அனுப்பவில்லை. அதில் அவர்மீது குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே, கடற்கரையைப் பற்றி நாம் சொல்வது இது. மூவர் பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். தலைவரோடு, பிள்ளைகளைக் கண்காணிக்க மட்டுமே ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் படம் எடுக்கவும் கூடாது, பேச்சில் மூழ்கவும் கூடாது. தொழுவதாயின் இரண்டு ஜமாஅத்தாகப் பிரிந்து தொழுங்கள். இன்னும் நல்லது பள்ளிவாசலிலேயே தொழுதுவிட்டுச் செல்வது. அரிச்சல்முனையில் யாரும் நீரில் இறங்க வேண்டா. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் ஒரு பக்கமும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மறுபக்கமும் கொந்தளிக்கும். அமைதியாகத் தோன்றும் பக்கத்தை நம்பிவிடக் கூடாது. ஐயம் எழுந்தால் மீனவரைக் கேளுங்கள். இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஃபர் கரைக்கு வந்தபோது, அவர் ஏறிவந்த மரக்கலம் கரையருகே உடைந்தது. அவரையும் கரையிலிருந்தோரே காப்பாற்றினர். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாக அக்கடல் மாறவில்லை. அக்கரை மக்களும் மாறவில்லை.

சிறு குறிப்புகள் சில. பவளப்பாறைத் துண்டுகளையோ கடற்குதிரையையோ விலைக்கு வாங்காதீர்கள், பொறுக்கியும் வராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். நண்டு உண்பது ஹனபி மத்ஹபில் ஆகாது. உணவு விடுதியில் இதுபற்றி வாதம் செய்து அயலார் சிரிக்க இடம் தராதீர்கள். ஆபில், காபில் அடக்கவிடம் என்று காட்டப்படுவது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. அந்த வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆன் இடத்தைக் குறிக்கவில்லை. பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் இல்லமும், பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட நினைவிடமும் உள்ளன. அவருடைய தந்தையார் கட்டிய படகு யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றதும், புயல் அப்படகைக் கொண்டுபோனதும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவை.

புதிய பாலம் திறந்த பின்னர், குடும்பத்தாருடன் மீண்டும் அங்கே சென்றிருந்தோம். அந்த முதியவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. அஸர் நேரத்தில் மகனும் பேரப்பிள்ளைகளும் தொழ, நாம் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தோம். அவர்கள் முடித்து வந்து நமக்குப் பின்னே காவல் நின்ற பிறகே நாம் தக்பீர் கட்டினோம்.